கால் நடக்கும் தூரத்தில் ஒரு பள்ளி

ஐயோவா மாநிலத்தின் வரைபடத்தை விரித்தால், நாட்டுப்புறச் சாலைகள் கட்டம் போட்ட நோட்டுப் போல நேர்நேராக ஓடும். அமெரிக்காவின் ஓரறைப் பள்ளிகள் எப்படி வந்தன என்று கேட்டால், நான் அந்தக் கட்டங்களிலிருந்துதான் தொடங்குவேன்.

பூர்வகுடிகள் வாழ்ந்த மேற்குப் பகுதியை அளந்து விற்க 1785-இல் சட்டம் வந்தது. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். ஆலைக் குடியிருப்பை நினைத்துவிட வேண்டாம். வயலும் பண்ணை வீடுகளுமாகப் பரந்து கிடக்கும் நிலப்பரப்பு இது. அதை 640 ஏக்கர் வீதம் 36 துண்டுகளாகப் பிரித்தார்கள். 16-ஆம் எண் துண்டு பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்டது. பள்ளியை அங்கேயேதான் கட்ட வேண்டும் என்பதில்லை. அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டோ விற்றோ வந்த பணம் பள்ளிச் செலவுக்கு உதவியது.

அப்படியானால் பள்ளியை எங்கே கட்டுவது? அதைப் பிள்ளைகளின் கால்கள்தான் தீர்மானித்தன. ஐயோவாவில் பல டவுன்ஷிப்புகளை ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மைல் சதுரம். நடுவில் பள்ளி இருந்தால், மூலைப் பண்ணையிலிருந்து வரும் பிள்ளை கிழக்கே ஒரு மைலும் வடக்கே ஒரு மைலுமாக நடந்து வந்துவிடலாம். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை பேர்தான் பள்ளி. அதனால்தான் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதுமாக இருந்தன.

அந்த அறைக்குள் பாடம் நடந்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆசிரியை ஒவ்வொரு வகுப்பாக முன்பெஞ்சுக்குக் கூப்பிட்டுப் பாடம் ஒப்பிக்கச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் இடத்தில் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் காது சும்மா இருக்குமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பின் பூகோளத்தைக் கேட்டுக்கொண்டே வளரும். தடுமாறும் சின்னவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் வளர்ந்த பையன்களும் வந்து சேர, அறை நிரம்பிவிடும்.

ஆசிரியைகளில் பலர் இளம்பெண்கள். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லாரா இங்கல்ஸ் வைல்டர், டக்கோட்டாவில் பாடம் நடத்தத் தொடங்கியபோது பதின்வயதுப் பெண்தான். அடுப்பு மூட்டுவதும் அறையைப் பெருக்குவதும்கூடப் பெரும்பாலும் ஆசிரியையின் வேலைதான். அவரை வேலைக்கு வைத்துச் சம்பளம் பேசியவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகள்.

பிள்ளைகள் பள்ளிக்கு நடந்த அந்த நடையில் ஆபத்தும் இருந்தது. 1888 ஜனவரி 12 காலை, நெப்ராஸ்காவிலும் டக்கோட்டாவிலும் குளிர் தணிந்திருந்தது. கனத்த கோட்டு இல்லாமலே பல பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பனிப்புயல் திடீரென்று இறங்கியது. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் திசை தெரியாமல் விறைத்து மடிந்த பிள்ளைகள் பலர். மொத்தச் சாவு 235 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இருபதாம் நூற்றாண்டில் சரளைச் சாலையும் பள்ளிப் பேருந்தும் வந்ததும் இரண்டு மைல் கணக்கு பொருளிழந்தது. ஒரே ஆசிரியரால் எல்லாப் பாடத்தையும் நன்றாக நடத்த முடியாது, நூலகமும் ஆய்வுக்கூடமும் வேண்டும், ஆகவே சிறு பள்ளிகளை ஒன்றாக இணைக்க வேண்டும் என்றார்கள் சீர்திருத்தக்காரர்கள். அது நியாயமான வாதம். பள்ளி தங்கள் கையைவிட்டுப் போகிறதே என்று விவசாயிகள் எதிர்த்தார்கள், அதுவும் நியாயம்தான். 1930-இல் நாடெங்கும் சுமார் 1,49,000 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. 1960-இல் 20,000; 1970-இல் இரண்டாயிரத்துக்கும் கீழே.

எளிய வாழ்க்கையை வலியுறுத்தும் கிறித்தவச் சமூகமான ஆமிஷ் மக்களிடம் அவை இன்றும் செழிப்பாக இருக்கின்றன. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க அவர்களுடைய பிள்ளைகளை அரசு கட்டாயப்படுத்தக் கூடாதென்று 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் கார் வைத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் பெருகினால் பள்ளியைப் பெரிதாக்குவதைவிட, நடக்கும் தூரத்தில் இன்னொன்றைக் கட்டுவதே அவர்கள் வழக்கம்.