தொடாமலே கோபுரத்தை அளக்கும் ஒளி!

போடிநாயக்கனூர் பக்கத்தில் ராசிங்காபுரம் என்று ஓர் ஊர். மலையடிவாரத்து ஊர். மேற்கே திரும்பினால் ஏலக்காய் மலை பெரிய மதில் போல எழுந்து நிற்கும்.

அந்த ஊரில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் எழும்பும்போது கொத்தனார் என்ன செய்கிறார்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். டேப்பை இழுத்து அளக்கிறார். சுவர் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பத்தடிச் சுவருக்கு இது போதும். ஆனால் 200 அடிக் கோபுரம் என்றால்? ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள அணை என்றால்? ஒவ்வொரு கல்லையும் டேப் வைத்து அளக்க முடியுமா? சாரம் கட்டி ஏறுவதற்கே மாதக்கணக்கில் ஆகும்!

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோபுரத்தின் மேல் ஏற வேண்டாம். கல்லைத் தொடவும் வேண்டாம். தரையில் நின்றபடியே ஒளியால் அளந்துவிடலாம். அதுதான் லேசர் அளவை.

கயிறு அறுந்தது!

இந்தக் கருவியின் அருமை தெரிய வேண்டுமானால், பழைய கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்த இடம் தஞ்சாவூர். நடந்த வருஷம் 1808.

வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி பிடித்துத் தரையில் ஒரு நேர்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளப்பது திட்டம்.

முக்கோணத்தின் மூலைகளைப் பார்க்க உயரமான இடம் வேண்டும். மலை இருந்தால் மலை மேல் ஏறிப் பார்க்கலாம். தஞ்சைச் சீமையில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய வரை வயலும் தென்னையும்தான். ஆகவே லாம்டன் கோவில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றிப் பார்த்தார்.

அவருடைய கருவிக்குப் பெயர் தியோடலைட். கோணத்தை அளப்பது அதன் வேலை. எடை எவ்வளவு தெரியுமா? சுமார் அரை டன்!

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி கோவில் சுவரில் போய் மோதியது. அதன் பெரிய வட்டத் தகடு வளைந்து போயிற்று.

வேறு ஒருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். லாம்டன் உட்காரவில்லை. கருவியைத் துண்டு துண்டாகப் பிரித்தார். வளைந்த தகட்டைச் சிறிது சிறிதாக இழுத்து, பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரப் பாடு! பிறகு அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார்.

கோபுரத்தின் மேல் கருவி ஏறிய காலம் அது. இப்போது கருவி கீழேயே நிற்கிறது. ஒளி மட்டும் மேலே போய் வருகிறது!

போய் வரும் ஒளி

லேசர் என்பது சிதறாமல் நேராகப் பாயும் ஒளி. டார்ச் விளக்கின் வெளிச்சம் தூரம் போகப் போக விரிந்துகொண்டே போகும். லேசர் அவ்வளவு எளிதில் விரிவதில்லை. அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் 1960-ல் முதல் லேசரை எரியச் செய்து காட்டினார்.

மலையடிவாரத்தில் நின்று உரக்கக் கூவினால் எதிரொலி கேட்கிறது அல்லவா? குரல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தால் மலை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். லேசர் கருவி செய்வதும் இதே கணக்குத்தான். குரலுக்குப் பதிலாக ஒளி, அவ்வளவுதான்.

ஆனால் ஒளியின் வேகம் சாமானியமானதா? ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர்! ஒரு வினாடிக்குள் பூமியை ஏழு தடவைக்கு மேல் சுற்றிவிடும். 30 மீட்டர் தள்ளியுள்ள சுவருக்குப் போய்த் திரும்ப அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வினாடியை 50 லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரே ஒரு பங்கு! அந்த நேரத்தையும் கருவி தவறாமல் எண்ணிவிடுகிறது.

1969-ல் நிலாவில் இறங்கியவர்கள் அங்கே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசரை அனுப்பினால் அதில் பட்டு இரண்டரை வினாடியில் திரும்பி வருகிறது. அதை வைத்து நிலாவின் தூரத்தையே அளந்துவிட்டார்கள். நிலாவையே அளக்கும்போது கோபுரம் எம்மாத்திரம்?

புள்ளிகளால் ஒரு கோவில்

கருவி ஒரு முக்காலியின் மேல் நிற்கும். உள்ளே ஒரு சிறு கண்ணாடி மேலும் கீழுமாகச் சுழலும். கருவியும் மெதுவாகத் தன்னைத் தானே சுற்றும். எத்திசையிலும் லேசர் பாய்ந்துகொண்டே இருக்கும்.

எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் என்ற மூன்றும் தெரிந்தால் சுவரில் உள்ள ஒரு புள்ளியின் இடம் தெரிந்துவிடும். சில கருவிகள் ஒரு வினாடியில் 10 லட்சம் புள்ளிகளைக் குறித்துக்கொள்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால் புள்ளிகளாலான கோவில் ஒன்று திரையில் எழுந்து நிற்கும். திருப்பிப் பார்க்கலாம். மேலிருந்து பார்க்கலாம். எந்த இரண்டு கற்களுக்கும் இடையே உள்ள தூரத்தையும் கேட்கலாம். பிழை இருந்தால் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். அதாவது ஒன்றிரண்டு நெல்மணியின் கனம்!

ஒரே இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்க முடியாது. தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஆகவே கருவியைப் பல இடங்களுக்கு மாற்றி வைக்க வேண்டும். அங்கங்கே வெள்ளைப் பந்துகளை அடையாளமாக வைத்து, எல்லா அளவுகளையும் பிறகு ஒன்றாக இணைக்கிறார்கள்.

இந்தக் கருவிக்கும் பகைவர்கள் உண்டு. மழையும் பனிமூட்டமும் ஒளியை வழியிலேயே மறித்துவிடும். போடிமெட்டில் மூட்டம் இறங்கிவிட்டால் கருவி சும்மா நிற்க வேண்டியதுதான்! கண்ணாடியும் தண்ணீரும் அதை ஏமாற்றும். கல்லின் உள்ளே இருக்கும் பழுதையும் அது காணாது. வெளியே தெரிவதை மட்டுமே அளக்கும்.

காளத்தியில் நடந்தது

இவ்வளவு பாடுபட்டு அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். காளத்திக்குப் போய் வந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

கண்ணப்ப நாயனார் கண் கொடுத்த தலம் காளத்தி. அங்கே கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ராஜகோபுரம் ஏழு நிலைகளோடு நின்றது. உயரம் சுமார் 135 அடி. ஐந்நூறு ஆண்டுகளாக மழையையும் வெயிலையும் தாங்கிய கோபுரம் அது. அதில் விரிசல் விட்டிருந்தது. விரிசல் அகன்றது. 2010 மே 26-ந் தேதி கோபுரம் அப்படியே சரிந்து கல்லும் மண்ணுமாகக் கிடந்தது! பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். புதுக் கோபுரம் எழுந்து 2017-ல் குடமுழுக்கு நடந்தது.

விரிசல் கண்ணுக்குத் தெரியும். அது வளர்கிறதா என்பதுதான் கண்ணுக்குத் தெரியாது. இந்த வருஷம் ஒரு தடவை அளந்து, அடுத்த வருஷம் மறுபடி அளந்து, இரண்டு புள்ளிக் கோவில்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எந்தச் சுவர் புடைத்தது, எந்தத் தூண் சாய்ந்தது என்று சொல்லிவிடலாம். ஏன் சாய்ந்தது என்று கருவி சொல்லாது. அதை அறிந்த பொறியாளரும் ஸ்தபதியும்தான் சொல்ல வேண்டும். ஆனால் எச்சரிக்கை மணி முன்கூட்டியே அடித்துவிடும்.

பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் அணைகளையும் இப்போது பல நாடுகளில் இப்படித்தான் கண்காணிக்கிறார்கள். தேனி மாவட்டத்து மக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 176 அடி, நீளம் 1,200 அடி. ஓர் அணையின் சுவரைப் பற்றிய பேச்சு எத்தனை வீடுகளில் கவலையாகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். வதந்தியை நம்புவதா, அளவை நம்புவதா? கவலையைத் தீர்ப்பது அளவுதான்.

எரிந்த பிறகு உதவிய அளவு

பாரிஸ் நகரில் நோத்ர தாம் என்று ஒரு பழைய மாதா கோவில். 2010-ல் ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதை லேசரால் அளந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை வைத்தார். கிடைத்த புள்ளிகள் 100 கோடிக்கு மேல்!

2018-ல் அவர் காலமானார். அடுத்த வருஷம், 2019 ஏப்ரல் 15-ந் தேதி, அந்தக் கோவிலில் தீப்பிடித்தது. கூரை எரிந்தது. உச்சிக் கோபுரம் முறிந்து விழுந்தது. மீண்டும் கட்ட முனைந்தபோது, மறைந்தவர் விட்டுச்சென்ற அளவும் கைகொடுத்தது. 2024 டிசம்பரில் கோவில் திறக்கப்பட்டது. அளந்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. குஜராத்தில் பதான் நகரில் உள்ள ராணி படிக்கிணறு, கணவரின் நினைவாக ராணி உதயமதி 11-ம் நூற்றாண்டில் கட்டியது. 2011-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த நிபுணர்கள் அதை லேசரால் அளந்தார்கள். 2014-ல் அது உலக பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டுமா? குஜராத்துக்குப் போக வேண்டாம். ஊதா நிற 100 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள்!

தூக்குக்குண்டுக்கு மதிப்புப் போயிற்றா?

இல்லவே இல்லை. தஞ்சை விமானத்தைக் கட்டியவர்களிடம் லேசர் கிடையாது. கயிறும் கோலும் தூக்குக்குண்டும் கூர்மையான கண்ணும்தான் இருந்தன. ஆயிரம் ஆண்டு தாண்டியும் அவர்கள் வேலை நிமிர்ந்து நிற்கிறது.

அவர்கள் நேராக நிறுத்திவிட்டுப் போனார்கள். அது நேராகவே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ராசிங்காபுரத்துக் கொத்தனார் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும் அதற்காகத்தான். முக்காலி மேல் நிற்கும் கருவி சுற்றிச் சுற்றிப் பார்ப்பதும் அதற்காகத்தான்!