கருப்பட்டி நாக்குக்கு ஒரு கறுப்பு பியர்

இலங்கையின் லயன் ஸ்டவுட் பற்றி இங்கிலீஷ்ல வந்திருக்கிற சுவைக் குறிப்புகளை வாசிச்சா சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: மொலாசஸ், டார்க் சாக்லேட், எஸ்பிரெஸோ, உலர்ந்த திராட்சை. மொலாசஸ் என்பதைத் தமிழில் 'கழிவுப்பாகு' என்று எழுதினால் யாருக்கும் குடிக்கத் தோணாது. ஆனா இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வளர்ந்த நாக்குக்கு இந்தச் சுவை புதுசு இல்லை. சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த கறுப்புக் காப்பியைக் குடிச்சு வளர்ந்தவருக்கு இந்த பியரில் முக்கால்வாசி பழகிய சுவைதான். அது ஏன் அப்படி, மீதி எங்கே பிரிகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

கறுப்பு எங்கிருந்து வருது?

பியருக்கு அடிப்படை பார்லி. அதை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தால் மால்ட். லேசாகக் காயவைத்த மால்ட்டில் மஞ்சள் லாகர் வரும். நம்ம டாஸ்மாக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஸ்டவுட்டுக்கு மால்ட்டில் ஒரு சிறு பங்கை மட்டும் காப்பிக்கொட்டை மாதிரி கருக வறுத்துச் சேர்க்கிறார்கள். 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் இதற்கான வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். மொத்தப் பானமும் கறுப்பாக அந்தச் சிறு பங்கே போதும்.

ஆனா 'ஸ்டவுட்' என்ற சொல்லுக்கும் கறுப்புக்கும் ஆதியில் சம்பந்தம் இல்லை. 'திடமானது' என்பதுதான் பொருள். போர்ட்டர் என்ற பழுப்பு பியரில் கடுமையான ரகத்தை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள். பின்னால் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது.

இப்போ கருப்பட்டிக்கு வருவோம். பதநீரைக் காய்ச்சும்போது தண்ணீர் வற்றி, சர்க்கரை பழுப்பாகி, பாகு பதத்துக்கு வரும். சூடு 120 டிகிரி பக்கத்திலேயே நின்றுவிடும். பாகில் ஈரம் இருக்கும்வரை அதைத் தாண்டி அதிகம் ஏறாது. அதனால கருப்பட்டியில் ஆழமான இனிப்பும் லேசான புகைவாசமும் உண்டு, கருகல் கசப்பு கிடையாது. காப்பிக்கொட்டையும் கறுப்பு மால்ட்டும் வேற கதை. ரெண்டும் உலர்வறுப்பு, 200 டிகிரியைத் தாண்டும். கசப்பு அங்கேதான் பிறக்குது. ஆக, கருப்பட்டிக் காப்பி என்பது ஈரத்தில் பழுத்த சர்க்கரையும் உலர்ந்து கருகிய கொட்டையும் ஒரே டம்ளரில் சேர்வது. கடும் ஸ்டவுட்டும் அதே கூட்டுத்தான். ஒண்ணு பனை வழியா வந்தது, இன்னொண்ணு பார்லி வழியா.

தண்ணிக்கு அந்தப் பக்கம்

இந்த பியர் பிறந்த இடம் நுவரெலியா, கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,870 மீட்டர். பின்னாளில் ஆப்பிரிக்கப் பயணங்களால் பெயர் பெற்ற சாமுவேல் பேக்கர் 1849-ல் அங்கே ஒரு பியர் ஆலை தொடங்கினார். சிலோன் புரூவரி என்ற கம்பெனி 1881-ல் வந்தது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பியர் நொதிக்கக் குளிர்ந்த மலை தேவைப்பட்டது. இந்தியாவிலும் கசௌலி மாதிரி மலைகளில்தான் பழைய ஆலைகள் முளைத்தன.

ஆலையின் வாடிக்கையாளர்கள் தோட்டத் துரைமார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யப் போனவர்களில் இராமநாதபுரத்துக்காரர்கள் ஏராளம். மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்துதான் பலர் அக்கரை போனார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடியும் அந்தப் பாதையும் போயின. மலையேறிய தமிழ் ஆளும் மலையில் காய்ச்சிய ஸ்டவுட்டும் ஒரே தோட்டப் பொருளாதாரத்தின் இரண்டு முனைகள். இந்த பியரைப் புகழ்கிறவர்கள் துரைமார் கதையோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்தும்.

ஆலை 1990-களில் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்கு இறங்கிவிட்டது. மைக்கேல் ஜாக்சன் எழுதித்தான் (பாடகர் அல்ல, பிரிட்டிஷ் பியர் எழுத்தாளர்) மேற்கில் இதன் பெயர் பரவியது. ஜமைக்காவின் டிராகன், சிங்கப்பூரின் ஏபிசி ஆகியவற்றோடு இதையும் இப்போது 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்று தனி வகையாக வைக்கிறார்கள். ஐரிஷ் ஸ்டவுட்டை விட இனிப்பும் பழவாசமும் கூடுதல், காரமும் கூடுதல்.

குடிச்சுப் பார்த்தது

கொழும்பில் எடுத்த குறிப்பு இது. நிறம் கறுப்பு, வெளிச்சத்தில் பிடிச்சா ஓரத்தில் மட்டும் செம்பழுப்பு. நுரை டிகாஷன் நிறத்தில் தடிப்பாக நிற்குது. மணம்: கருப்பட்டிப் பாகு இறக்கும் பதம், பின்னாடி வறுத்த கொட்டை. வாயில் முதலில் இனிப்பு. நடுவில் கெட்டி டிகாஷன், கூடவே நல்லாப் பழுத்த பேரீச்சை. கடைசியில் கசப்பு. அதில் வறுத்த மால்ட்டுக்கும் ஹாப்ஸ் பூவுக்கும் பங்கு உண்டு. விழுங்கினபின் தொண்டையில் ஒரு சூடு. சுக்குக் காப்பியின் உறைப்பு ஞாபகம் வரும், ஆனா இது சாராயச் சூடு.

ஐஸ் போட்ட மாதிரி குளிர வைத்தால் இனிப்பும் மணமும் அமுங்கி, கசப்பு மட்டும் தூக்கலாத் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்துப் பதினைந்து இருபது நிமிஷம் விட்டால்தான் கருப்பட்டி வெளியே வருது. தொட்டுக்க வறுத்த நெத்திலி. உப்பும் இந்த இனிப்பும் நல்லா ஒத்துப்போகும்.

பலம், பலம் என்பார்கள்

லேபிளில் 8.8 சதவீதம். 330 மில்லி போத்தலில் சுமார் 29 மில்லி சாராயம். 42.8 சதவீத விஸ்கியின் 60 மில்லி லார்ஜில் சுமார் 26 மில்லிதான். அதாவது ஒரு சின்ன போத்தல் ஒரு லார்ஜை விடக் கொஞ்சம் கூட. இனிப்பு அதை மறைச்சிடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. "பியர்தானே"ன்னு ரெண்டாவது போத்தல் திறக்கிறவர் ரெண்டு லார்ஜுக்கு மேலே போயிட்டார். வண்டிச் சாவியை அதற்கு முன்னாலேயே கொடுத்திடணும்.

இன்னொரு நம்பிக்கை: ஸ்டவுட் ரத்தம் ஊற வைக்கும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இது பழைய வழக்கம். 1929-லிருந்து கின்னஸ் விளம்பரங்களும் 'உடம்புக்கு நல்லது' என்றே பாடின. ஒரு பைண்ட் கின்னஸில், அதாவது 568 மில்லியில், இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம். பெண்களுக்கு ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன அளவு நாளுக்கு 29 மில்லிகிராம். கறுப்பு நிறம் வறுத்ததால் வந்தது, இரும்பால் அல்ல. போதாததுக்கு, சாராயம் தாய்ப்பாலுக்கும் போகும். பிள்ளை பெற்றவளுக்கு இதைக் கொடுக்காதீங்க.

குடிக்காதவர்கள் இந்தச் சுவையை இழந்துவிடவில்லை. நல்ல கருப்பட்டியும் கொஞ்சம் கருக வறுத்த காப்பித்தூளும் கிடைத்தால் இதன் பெரும்பகுதி அடுப்பிலேயே வந்துவிடும். வராதது பேரீச்சை மணமும் தொண்டைச் சூடும் மட்டும்தான். அவை ரெண்டும் நொதிப்பின் வேலை.