பக்கவாதத்திற்குப் பிந்தைய அறிதிறன் மீட்சி

பக்கவாதத்திற்குப் பிந்தைய அறிதிறன் மீட்சி என்பது, மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்பட்டதாலோ மூளைக்குள் குருதி கசிந்ததாலோ குன்றிப்போன கவனம், நினைவாற்றல், மொழி, திட்டமிடல் முதலிய திறன்கள் மீண்டும் தேறி வருவதைக் குறிக்கும். பக்கவாதம் (இலங்கை வழக்கில் பாரிசவாதம்) என்ற பெயர் உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதை மட்டுமே சுட்டுகின்றது. இதனால், கை கால்கள் தேறியவுடன் நோயாளி முழுமையாகக் குணமடைந்துவிட்டார் என்று பலர் கருதுகின்றனர். கை கால்கள் பாதிக்கப்படாமல் அறிதிறன் மட்டும் குன்றும் பக்கவாதங்களும் உண்டு.

பாதிப்புகள்

எத்திறன் குன்றும் என்பது மூளையின் எப்பகுதி சேதமடைந்தது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானோருக்கு மொழிக்குரிய பகுதிகள் இடது அரைக்கோளத்தில் உள்ளமையால், அங்கு ஏற்படும் சேதம் பேச்சிழப்பைத் தோற்றுவிக்கும். நெற்றிமடல் பாதிக்கப்பட்டால் ஒரு வேலையைத் தொடங்குவதும் வரிசையாகச் செய்து முடிப்பதும் கடினமாகும்.

வலது அரைக்கோளச் சேதத்தில் காணப்படும் 'ஒருபக்கப் புறக்கணிப்பு' விந்தையானது. கண்பார்வை நன்றாக இருந்தும், இடப்பக்கம் உள்ளவை கவனத்திற்கு எட்டுவதில்லை. இவர்கள் தட்டின் வலப்பாதியிலுள்ள சோற்றை மட்டும் உண்டு எழுந்துவிடக்கூடும். முகத்தின் ஒரு பாதியை மட்டும் மழிக்கக்கூடும். தமக்குக் குறை இருப்பதையே பலர் உணர்வதில்லை. வீட்டார் இதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. அதனால் பயிற்சி தொடங்கவேண்டிய மாதங்கள் வீணாகின்றன.

மீட்சி நிகழும் விதம்

இறந்த நரம்பணுக்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. முதல் வாரங்களில் காணப்படும் தேற்றம் பெரும்பாலும் வீக்கம் வடிவதாலும், குருதி குறைந்து செயலற்றிருந்த ஓரப்பகுதிகள் மீள்வதாலும் ஏற்படுகின்றது. சேதமடைந்த பகுதியோடு இணைக்கப்பட்ட தொலைவிலுள்ள பகுதிகளும் சிலகாலம் மந்தமடைகின்றன. டயாஸ்கிசிஸ் எனப்படும் இதனைக் கான்ஸ்டன்டின் வான் மோனக்கோவ் 1914 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். பின்னர், எஞ்சிய நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை உருவாக்கி இழந்த பணிகளில் சிலவற்றை ஏற்கின்றன.

மீட்சி முதல் மூன்று மாதங்களில் மிக விரைவாக இருக்கும். அதன்பின் வேகம் குறையுமே தவிர, முற்றிலும் நின்றுவிடுவதில்லை. அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜில் போல்ட் டெய்லர் 1996 டிசம்பர் 10 அன்று, தமது 37 ஆம் அகவையில், இடது அரைக்கோளக் குருதிக்கசிவால் பேச்சு, எழுத்து, வாசிப்பு ஆகியவற்றை இழந்தார். அறுவை மருத்துவத்தின் பின், தாயின் துணையுடன் வாசிப்பை அடிப்படையிலிருந்து கற்றார். முழு மீட்சிக்கு எட்டு ஆண்டுகள் ஆயின என்று அவர் கூறியுள்ளார். இளம் அகவையில் நேர்ந்த இந்நிகழ்வை எல்லா நோயாளிகளுக்கும் அளவுகோலாகக் கொள்ள முடியாது.

பயிற்சிகள்

இழந்த திறனைப் பயின்று மீட்பது ஒருவகை. குறையை வேறு வழியால் ஈடுசெய்வது மற்றொரு வகை. நினைவாற்றலைப் பொறுத்தவரை இரண்டாவதே அன்றாட வாழ்வில் கூடுதல் பயன் தருகின்றது. நாட்குறிப்பு, சுவரில் ஒட்டிய அட்டவணை, பொருட்களை ஒரே இடத்தில் வைத்தல் ஆகியன எளிய வழிகள். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழுவினர், பக்கவாதம், தலைக்காயம் முதலியவற்றால் மூளை பாதிக்கப்பட்ட 143 பேருக்குப் பேஜர் கருவி வழியே நினைவூட்டல் அனுப்பி ஆராய்ந்தனர். 2001 இல் வெளியான முடிவுகளின்படி, மருந்துண்ணல் போன்ற அன்றாடச் செயல்களை அவர்கள் மறவாமல் செய்வது கூடியது. இன்று அப்பணியைக் கைப்பேசியே செய்யும்.

பின்லாந்தில் நடைபெற்று 2008 இல் வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களின் சொல் நினைவும் கவனமும், ஒலிநூல் கேட்டவர்களைவிட நன்கு தேறின. கணினி விளையாட்டுப் பயிற்சிகளில் பெறும் தேர்ச்சியோ பெரும்பாலும் அவ்விளையாட்டோடு நின்றுவிடுகின்றது. இழந்த நினைவாற்றலை மீட்பதாக உறுதியாக மெய்ப்பிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

மறதிபோல் தோன்றுவது சிலவேளை மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதத்தின் பின் இது பரவலாகக் காணப்படுகின்றது. மருத்துவத்தால் குறைக்கவும் இயலும். மீண்டும் ஒரு பக்கவாதம் ஏற்பட்டால் மறதிநோய்க்கான வாய்ப்பு வெகுவாக உயரும். எனவே குருதியழுத்தம், நீரிழிவு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துதலும் புகைத்தலைக் கைவிடுதலும் மீட்சிக்கான மருத்துவத்தின் பகுதிகளே ஆகும்.