குட்டி ஈனும் மீன்களின் குஞ்சுப் பாதுகாப்பு

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை வீட்டுத் தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் குட்டி ஈனும் மீன்கள் ஆகும். இவை கருவுற்ற முட்டைகளை உடலுக்குள்ளேயே வைத்து வளர்த்து, பிறந்தவுடன் நீந்தக்கூடிய குஞ்சுகளை ஈனுகின்றன. இவற்றின் இனப்பெருக்கத்துக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தாலே போதும். ஈன்ற குஞ்சுகளைக் காப்பாற்றுவதே கடினம். மறைவிடம் இல்லாத தொட்டியில் இரவில் பிறந்த குஞ்சுகளில் ஒன்றுகூடக் காலையில் மிஞ்சாமல் போவது உண்டு.

குஞ்சுகள் உண்ணப்படுவதற்கான காரணம்

இந்த நான்கு வகை மீன்களும் பொய்சிலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றிடம் குஞ்சு பேணும் பழக்கம் இல்லை. ஏறத்தாழ 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சு, பெரிய மீன்களுக்குக் கொசுப்புழுவைப் போன்ற அசையும் இரையாகிறது. தாய்மீனும் இதற்கு விலக்கல்ல.

கப்பியின் தாயகங்களுள் ஒன்றான டிரினிடாட் தீவில், இரைகொல்லி மீன்கள் மிகுந்த ஓடைகளில் வாழும் கப்பிகள் விரைவில் பருவமடைந்து, சிறிய குஞ்சுகளை அதிக எண்ணிக்கையில் ஈனுகின்றன என்பதை டேவிட் ரெஸ்னிக், ஜான் எண்ட்லர் ஆகியோரின் கள ஆய்வுகள் காட்டின. ஓடையில் கரையோரச் செடிகளும் ஆழமற்ற நீரும் குஞ்சுகளுக்குப் புகலிடமாகின்றன. கண்ணாடித் தொட்டியில் அத்தகைய இடத்தை வளர்ப்பவரே அமைத்துத் தர வேண்டும்.

ஈனும் காலத்தை அறிதல்

கப்பி பொதுவாக 3 முதல் 5 வாரங்களுக்கு ஒருமுறை குட்டி ஈனும். வெப்பம் குறைந்த நீரில் இக்காலம் நீளும். ஈனும் நாள் நெருங்கும்போது வயிறு பருத்து, பக்கவாட்டில் சதுரமாகத் தோன்றும். குதத்துடுப்பின் அருகிலுள்ள கரும்புள்ளி பெரிதாகும். கருநிற மோலியில் இப்புள்ளி தெரியாது என்பதால் வயிற்றின் வடிவத்தையே கவனிக்க வேண்டும். பெண் மீன் தனியே மூலையில் ஒதுங்குவதும் ஓர் அறிகுறி.

ஒருமுறை இணைசேர்ந்த பெண், விந்தணுக்களை உடலில் சேமித்து வைத்துப் பல மாதங்களுக்கு அடுத்தடுத்து ஈனக்கூடும். கடையில் வாங்கிய பெண் மீன், ஆண் இல்லாத தொட்டியிலும் குட்டி போடுவது இதனால்தான்.

மறைவிடம் அமைத்தல்

அடர்ந்த செடிகளே எளிய பாதுகாப்பு. ஜாவா பாசி, ஹைட்ரில்லா போன்ற நுண்ணிய இலைகள் கொண்டவை ஏற்றவை. புதிய குஞ்சுகளில் பல நீர்மட்டத்தின் அருகே ஒதுங்குவதால், மிதக்கும் செடிகளின் தொங்கும் வேர்களும் பயன்படும். செடிகள் கிடைக்காவிட்டால், சாயம் போகாத நைலான் நூலைக் கொத்தாகக் கட்டி மிதக்கவிடலாம். பெரிய மீன் நுழைய முடியாத அளவுக்கு இடைவெளிகள் குறுகியிருக்க வேண்டும். செடிகள் தொட்டி முழுவதும் சிதறி இருப்பதைவிட ஒரு மூலையில் நெருக்கமாக இருப்பது நல்லது.

தனிப்பெட்டியும் தனித்தொட்டியும்

தொட்டிக்குள் தொங்கவிடும் ஞெகிழிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. தாய் மேல்தட்டில் இருக்க, குஞ்சுகள் இடுக்கு வழியாகக் கீழ்த்தட்டில் விழும். ஆனால் பெட்டி சிறியது. உள்ளே நீரோட்டமும் குறைவு. தாயைப் பல நாட்கள் அதில் அடைத்தால் அது மிரண்டு, முதிராத குஞ்சுகளை ஈனக்கூடும். வயிற்றில் மஞ்சள்கரு ஒட்டியபடி அடியில் கிடக்கும் இக்குஞ்சுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

செடிகள் நிறைந்த தனித்தொட்டி இதைவிட மேலானது. ஈனும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தாயை மாற்றி, ஈன்று முடிந்ததும் வெளியே எடுக்க வேண்டும். பொதுத் தொட்டியிலேயே குஞ்சுகள் பிறந்துவிட்டால், தாயைத் துரத்திப் பிடிப்பதைவிடக் குஞ்சுகளைக் குவளையால் நீருடன் மொண்டு மாற்றுவது எளிது.

உணவு

குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்திலேயே இரை தேடும். வழக்கமான செதில் உணவை விரல்களுக்கிடையே பொடியாக நசுக்கித் தரலாம். ஆர்ட்டீமியா குஞ்சுகள் மிகச் சிறந்த உணவு. ஒரு லிட்டர் நீரில் சுமார் 25 கிராம் உப்பைக் கரைத்து, காற்றுக் குழாய் ஓடவிட்டு, 25 முதல் 28 பாகை செல்சியசில் வைத்தால் ஆர்ட்டீமியா முட்டைகள் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். அவற்றை வடிகட்டி, நன்னீரில் அலசிய பின் இட வேண்டும். வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவைத் துணியில் பிழிந்தும் தரலாம். அது நீரை விரைவில் கெடுப்பதால் துளி அளவே போதும். வயிறு சிறியது என்பதால் நாளுக்கு 3 முதல் 5 முறை சிறிது சிறிதாக இடுவது நல்லது.

நீர்ப் பராமரிப்பு

பெரிய மீன்களிடமிருந்து தப்பிய குஞ்சுகளுக்கு அடுத்த ஆபத்து, மீந்த உணவு அழுகி உண்டாகும் அம்மோனியா ஆகும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். புது நீர் குளோரின் நீக்கியதாகவும் அதே வெப்பநிலையிலும் இருக்க வேண்டும். குழாயால் அடிக்கழிவை உறிஞ்சும்போது நீரை வெள்ளை வாளியில் பிடித்தால், இழுக்கப்பட்ட குஞ்சுகள் கண்ணில் படும். விசை மிகுந்த வடிகட்டி குஞ்சுகளை உள்ளிழுத்துவிடும்; பஞ்சு வடிகட்டி அவ்வாறு செய்வதில்லை. வேறு வகை வடிகட்டியாயின் அதன் வாயைப் பஞ்சால் மூட வேண்டும்.

பெரிய தொட்டிக்கு மாற்றுதல்

தொட்டியில் உள்ள மிகப்பெரிய மீனின் வாய்க்குள் அடங்காத அளவு வளர்ந்த பின்பே குஞ்சுகளை அதனுடன் சேர்க்கலாம். கப்பிக்கு இது ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். இக்காலத்தில் ஆண்களின் குதத்துடுப்பு குச்சி போல நீளத் தொடங்கும். மேலும் பெருக வேண்டாமெனில் அப்போதே ஆண், பெண்ணைப் பிரிக்க வேண்டும்.

எத்தனை குஞ்சுகளைக் காப்பது என்பதைத் தொட்டியின் அளவே முடிவு செய்கிறது. ஒரே ஈற்றில் பல பத்துக் குஞ்சுகள் பிறக்கலாம். அத்தனையும் வளர்ந்தால் சிறிய தொட்டி தாங்காது. இடம் குறைவாக உள்ளவர்கள் செடிகளை மட்டும் வைத்து, தப்பிப் பிழைக்கும் சிலவற்றை வளர்ப்பது போதுமானது. மிகுதியான மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விடக் கூடாது. கொசுப்புழு ஒழிப்புக்காகப் பல நாடுகளில் விடப்பட்ட கப்பி, தாயகத்துக்கு வெளியே நிலைபெற்று உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாகியுள்ளது. மற்ற வளர்ப்பாளர்களுக்கோ வண்ணமீன் கடைகளுக்கோ கொடுப்பதே முறை.