பலகைக்குள் ஒரு பள்ளம்

பல்லாங்குழிப் பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். உளியும் கொட்டாப்புளியும் கொண்டு குடையும் தச்சர், விளிம்பிலிருந்து அடியை நோக்கி வெட்டுவார். அடியைத் தொட்டதும் நிறுத்தி, எதிர் விளிம்பிலிருந்து மீண்டும் இறங்குவார். இறங்கும்போது, வெட்டுப்படும் இழைகளை அடியிலுள்ள இழைகள் தாங்குகின்றன. மேல்நோக்கி வெட்டினாலோ, உளி இழைகளுக்கு நடுவே ஆப்புபோல் நுழைந்து சிலாம்பைப் பெயர்த்துவிடும்.

பலகாரம் பரிமாறும் பலகையில் சட்னிக் கிண்ணம் அமரச் சதுரப் பள்ளம் வேண்டுமென்றால், இன்றைய பட்டறையில் ரவுட்டர் என்னும் கைப்பொறியை எடுக்கிறார்கள். பாப்பிரெட்டிப்பட்டியானாலும் பாரிஸ் ஆனாலும் இதன் இயற்பியல் ஒன்றுதான். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டுமுனை நிமிடத்திற்கு 20,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பின் வேகம் என்ன? கணக்கிட்டுப் பாருங்கள்: வினாடிக்குச் சுமார் 12.6 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். 50 மில்லிமீட்டர் முனையாக இருந்தால் மணிக்கு 188 கிலோமீட்டர்! பெரிய முனைக்குச் சுழற்சியைக் குறைப்பது இதனால்தான்.

சரி, பொறியைப் பள்ளத்துக்குள் எந்தப் பக்கமாக நகர்த்துவது? விருப்பம்போல் நகர்த்தலாம் என்று நினைத்தால் ஆபத்து.

மேலிருந்து பார்த்தால் முனை கடிகாரமுள் திசையில் சுழல்கிறது. உங்களுக்கு எதிரே, தொலைவில் உள்ள பள்ளச் சுவரை அது தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் முனையின் பற்கள் மரத்தை வலப்பக்கம் தள்ளுகின்றன. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மரம் முனையை இடப்பக்கம் தள்ளும். நீங்கள் வலப்பக்கம் நகர்த்தினால் எதிர்விசை உங்கள் கையைத் தடுக்கும்; பொறி உங்கள் கட்டுக்குள் இருக்கும். இடப்பக்கம் நகர்த்தினாலோ எதிர்விசையும் கையோடு சேர்ந்துகொள்ளும். முனை சக்கரம்போல் சுவரைப் பற்றிக்கொண்டு ஓடப் பார்க்கும். சுழலும் பம்பரம் சுவரில் பட்டதும் அதை ஒட்டியே ஓடுவதைக் கவனித்ததில்லையா? அதே கதைதான். ஆகவே பள்ளத்தின் உட்சுவரைச் சுற்றிக் கடிகாரமுள் திசையில் செல்ல வேண்டும். பலகையின் வெளிவிளிம்பைச் செதுக்கும்போது அதற்கு நேர்மாறாக.

இன்னொரு நன்மையும் உண்டு. மரத்துக்குள் முழுதாய் இறங்கி முன்னேறும் முனை, செல்லும் திசைக்கு இடப்பக்கம் ஒதுங்கும். கடிகாரமுள் திசையில் சுற்றும்போது சுவர் இருப்பதும் இடப்பக்கமே. எனவே பலகைமேல் பொருத்திய அச்சுச் சட்டத்தை ஒட்டியே பொறி செல்கிறது.

ஆழத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை. ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் போதும். மூலையில் தயங்கி நின்றால் உராய்வு வெப்பத்தில் மரம் கருகும். அந்த மூலையும் கூராக அமையாது: 12 மில்லிமீட்டர் முனை, 6 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவைத்தான் விட்டுச்செல்லும். சட்னியைத் துடைத்தெடுக்க அதுவே வசதி. கூர்மூலைதான் வேண்டுமென்றால் தச்சர் பழைய உளியைத்தான் எடுக்க வேண்டும்.