நம்பிக்கைக்கு ஒரு தராசு

பாத்திரம் அறிந்து பிச்சையிட வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வாக்கு. கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று வாங்குகிறவரும் அறிய வேண்டாமா? புயலும் வெள்ளமும் ஓயாத பிரதேசங்களுக்கு அரிசியும் துணியும் கொண்டு செல்லும் ஸ்தாபனங்கள், எத்தனை மூட்டை கொடுத்தோம் என்று ஒழுங்காகக் கணக்கு எழுதுகின்றன. ஜனங்கள் நம்மை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்ற கணக்கை எழுதுவோர் சிலரே. அந்தக் கணக்குப் பிசகினால் நஷ்டமாவது பணம் அல்ல, உயிர்.

1970-ஆம் வருஷம் நவம்பரில் வங்காளக் குடாக்கடலில் எழுந்த புயல், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த வங்காள தேசத்தின் கரையைத் தாக்கியது. மாண்டவர்கள் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். செய்தி எட்டாததா காரணம்? இல்லை. நூற்றுக்குச் சுமார் 90 பேர் புயல் வருவதை அறிந்திருந்தார்கள். உறுதியான கட்டடத்தை நாடிச் சென்றவர்களோ நூற்றுக்கு ஒருவர்தான் என்று பின்னர் கணித்தார்கள். அத்தகைய கட்டடங்களும் அரிது. மேலும், முந்திய மாதம்தான் ஒரு புயல் எச்சரிக்கை வந்து, அஞ்சிய அளவு சேதமின்றிப் போயிருந்தது. காது கேட்டது, மனம் நம்பவில்லை.

1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் அங்கே புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் அரசாங்கமும் அதில் சேர்ந்துகொண்டது. அந்தந்தக் கிராமத்தாரே அதன் தொண்டர்கள். அபாயம் நெருங்க நெருங்க ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகளை ஏற்றுவார்கள். ஒலிபெருக்கியுடன் வீடு வீடாய்ச் செல்வார்கள். தலைநகரிலிருந்து வரும் குரலைக் காட்டிலும் அடுத்த வீட்டுக்காரர் குரலுக்கு மதிப்பு அதிகம் அல்லவா?

ஆயினும் 1991-ஆம் வருஷப் புயலில் சுமார் 1,38,000 பேர் மடிந்தார்கள். புகலிடங்கள் போதவில்லை. மாடுகளை எங்கே விடுவது, வீட்டுச் சாமான் களவு போனால் என்ன செய்வது, அந்நிய ஆடவர் நெரிசலில் பெண்கள் எப்படித் தங்குவது என்ற கவலைகளும் பலரை வீட்டிலேயே நிறுத்தின. இதை மூடத்தனம் என்பது அநியாயம். அந்தக் கவலைகளுக்குக் காது கொடுத்த பிறகே கால்நடைகளுக்கு மண்மேடுகளும், பெண்களுக்குத் தனி அறைகளும் பெருகின. இன்று 76,000-க்கு மேற்பட்ட தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள். 2007-ஆம் வருஷத்து 'சித்ர்' புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். 2020-இல் 'அம்பான்' வந்தபோது 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே புகலிடம் சென்றார்கள். கட்டடங்களுக்கும் பாதைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கட்டடம் தானாக வந்து மனிதனை அழைத்துப் போவதில்லை.

சரி, நம்பிக்கையை அளப்பது எப்படி? செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் இதற்கென்றே ஒரு வினாப் பட்டியல் வகுத்திருக்கிறது. அது திறமையையும் நற்குணத்தையும் தனித்தனியே விசாரிக்கிறது. இது மிகவும் நியாயம். கெட்டிக்காரர் எல்லோரும் யோக்கியர் அல்ல; யோக்கியர் எல்லோரும் காரியம் முடிப்பவரும் அல்ல.

ஆனால் அரிசி கொடுத்த கையே வினாப் பட்டியலையும் நீட்டினால், "மெத்த திருப்தி" என்பதைத் தவிர வேறு பதில் வருமா? கேட்பவர் வேறொருவராயிருக்க வேண்டும். சொன்னதைச் சொன்ன நாளில் செய்தார்களா, பாரபட்சம் காட்டினார்களா, குறை சொன்னால் பதில் கிடைத்ததா என்று அவர் கேட்க வேண்டும். அந்த விசாரணை வானம் தெளிந்திருக்கும்போதே நடக்க வேண்டும். மூன்றாவது கொடி ஏறிய பிறகு நம்பிக்கையைத் தேடப் போனால், அதைச் சம்பாதிக்க அவகாசம் ஏது?