குடியிருப்புத் தெருவில் கோழி வளர்க்கலாமா?

"வீட்டில் கோழி வைத்திருக்க எங்கேயாவது எழுதி வாங்க வேண்டுமா, ஐயா?" என்று ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார். கையில் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது. கோழிகளால் துர்நாற்றமும் இரைச்சலும் ஏற்படுவதாகப் புகார் வந்திருக்கிறது, உரிய விளக்கம் அளிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த அம்மாளிடம் இருந்தவை 22 கோழிகளும் 3 சேவல்களும். முட்டை விற்ற காசில்தான் மகள் கல்லூரிக்குப் போய் வருகிறாள்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் பிறகு ஊரைச் சுற்றியுள்ள நிலங்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. இந்த அம்மாளின் வீடு முன்பு வயலோரத்தில் தனியாக நின்றது. இப்போது மூன்று பக்கமும் மாடி வீடுகள். புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர். "நான் முப்பது வருஷமாகக் கோழி வைத்திருக்கிறேன், வாத்தியார் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது" என்பது அந்த அம்மாளின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டு நகராட்சிகள் நெடுங்காலம் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி நடந்து வந்தன. 2023 ஏப்ரல் முதல் அதற்குப் பதிலாக 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதற்குரிய விதிகள் 2023-இல் வெளியாயின. ஊராட்சிப் பகுதிகளுக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். சட்டங்கள் மாறினாலும், வீட்டுக் கோழியைப் பொறுத்தவரை அதிகாரி முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதனால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை உண்டா, சுகாதாரக் கேடு உண்டா? உள்ளாட்சி மன்றம் தன் எல்லைக்கெனத் தனியாக உபவிதி வகுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆகவே கோழி வாங்குமுன் உங்கள் ஊர் அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பொதுத்தொல்லை என்பது குற்றவியல் சட்டத்திலும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆம் பிரிவு அதற்கு இலக்கணம் சொல்கிறது. 292-ஆம் பிரிவின்படி 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஒரு செயலால் சிலருக்கு வசதியோ இலாபமோ கிடைக்கிறது என்பதற்காகத் தொல்லை மன்னிக்கப்படாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. "நான் முதலில் வந்தேன்" என்பதும் பொதுத்தொல்லை வழக்கில் எடுபடாது. வயலை மனையாக்கியவர் வேறொருவர், கடிதம் வருவதோ கோழிக்காரிக்கு. இது எனக்குச் சற்றுக் கடுமையாகவே படுகிறது. இருந்தாலும் நிலைமை இதுதான்.

புகார் முற்றினால் வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர், தொல்லையை நீக்கும்படி நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம். அப்போதும் நேரில் சென்று உங்கள் விளக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆகவே கடிதம் வந்தால் அதைப் பரணில் போட்டு வைக்காதீர்கள். குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன சீர்திருத்தம் செய்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.

இந்தச் சட்டப் புத்தகங்களைப் புரட்டும்போது வேடிக்கையான ஒன்றும் கண்ணில் பட்டது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் யானை, ஒட்டகம் முதல் ஆட்டுக்குட்டி வரை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறது. கோழியின் பெயர் அதில் இல்லை. அடுத்தவர் கீரைப்பாத்தியைக் கிளறிய கோழியைப் பட்டியில் அடைக்க அச்சட்டத்தில் வழியில்லை. சண்டைதான் மிச்சம்!

பெரிய பண்ணைகளின் கதை வேறு. அவை மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை, குடியிருப்பை விட்டுத் தள்ளியே அமைய வேண்டியவை. கொல்லையில் இருபது கோழி வைத்திருப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலேயே கோழி அறுத்து இறைச்சி விற்கத் தொடங்கினால் அது வியாபாரம். அதற்கு உள்ளாட்சி உரிமமும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும்.

வெளிநாட்டு நகரங்கள் சில எண்ணிக்கையையே விதியாக வைத்துள்ளன. நம்மவர் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்கக் கூடாது. தனி வீடுகளில் விற்பனைக்கு அல்லாமல் 10 வரை வைத்துக்கொள்ளலாம். நியூயார்க்கில் பெட்டைக் கோழி வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது. இந்த இரண்டாவது விதியை நான் அந்த அம்மாளிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "சேவல் இல்லாமல் கோழி எப்படி முட்டை போடும்?" என்றார்.

சேவல் இல்லாமலே முட்டை

நம் விவசாயிகளில் பலரும் இப்படி நினைக்கிறார்கள். முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. சேவல் சேராத முட்டையில் கரு வளராது. அதனால் வெயில் காலத்தில் அது இன்னும் சில நாள் கூடுதலாகக் கெடாமல் இருக்கும். குஞ்சு வேண்டுமென்றாலும் 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அந்த அம்மாளிடம் இருந்த மூன்றில் ஒன்று எப்படியும் அதிகம்.

சாக்குப் போட்டு மூடி இருட்டாக்கினால் சேவல் கூவாது என்று சொல்வார்கள். இதையும் முழுதும் நம்ப வேண்டாம். சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்றும், மங்கிய ஒளியிலேயே வைத்திருந்தாலும் அது தன் வேளைக்குக் கூவுகிறது என்றும் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2013-இல் கண்டறிந்தார்கள். தெருவில் வீடுகள் நெருங்கிவிட்டால் சேவலை வேறிடத்துக்கு அனுப்புவதுதான் வழி. பொரிக்கும் பருவத்தில் கருவுள்ள முட்டையை உறவினர் வீட்டிலிருந்து வாங்கி அடைக்கு வைத்தால் போதும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வாத்தியாரின் புகாரில் இரைச்சலைவிட நாற்றமே பெரிதாக இருந்தது. நான் கொல்லையைப் போய்ப் பார்த்தேன். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் ஈர எச்சம் இடும். அப்படியானால் 25 உருப்படிக்கு நாள்தோறும் இரண்டரைக் கிலோ. அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். உலர்ந்துவிட்டால் நாற்றம் இல்லை. ஈரமாகவே கிடந்தால் அம்மோனியா வாயு கிளம்பும், ஈயும் மொய்க்கும். அங்கே கூண்டு மதில் ஓரத்தில், வாத்தியார் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. தண்ணீர்த் தட்டு கூண்டுக்குள்ளேயே கவிழ்ந்து கவிழ்ந்து தரை சேறாகியிருந்தது.

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை போனபோது சுண்ணாம்பைத் தூவச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாளில் தொலைபேசியில் அழைத்தார்: "ஐயா, நாற்றம் கண்ணை எரிக்கிறது, வாத்தியார் மறுபடியும் சத்தம் போடுகிறார்." ஈர எச்சத்தில் சுண்ணாம்பு விழுந்தால் காரத்தன்மை ஏறி அம்மோனியா இன்னும் வேகமாக வெளியேறும். பாடத்தில் படித்ததுதான், யோசிக்காமல் பேசிவிட்டேன். காலி செய்து உலர்ந்த கூண்டுக்குத்தான் சுண்ணாம்பு. கோழி இருக்கும்போது ஒரு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட்டைக் கூளத்தின் அடியில் கிளறி விட்டால் நாற்றம் தணியும், எருவுக்கும் சத்து சேரும்.

பிறகு செய்தது இவ்வளவுதான். கூண்டை மதிலிலிருந்து எடுத்து, அவர் வீட்டுச் சமையலறைப் பக்கம் கொண்டுவந்தோம். தரையை அரை அடி மண் போட்டு உயர்த்தி, நெல் உமியை மூன்று அங்குலம் பரப்பினோம். அரிசி ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை. இரவில் அடைய ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம் என்று கணக்கு. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூண்டுக்கு வெளியே, செங்கல் மேல் வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் படாதபடி மேற்கூரையை இரண்டு அடி நீட்டினோம்.

ஈயைப் பொறுத்தவரை ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, மறுபடி ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். நனைந்த கூளத்தை வாரம் இரு முறை வாரிவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். மருந்து தெளிக்க வேண்டியதே இல்லை. வாரியதைக் குழியில் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே மண் மூட வேண்டும். கோழி எருவில் ஏறத்தாழ 3 சதவீதம் தழைச்சத்தும், 2.6 சதவீதம் மணிச்சத்தும், 1.4 சதவீதம் சாம்பல் சத்தும் உண்டு. மாட்டு எருவைவிட இது பன்மடங்கு. மட்காமல் செடிக்கு வைத்தால் வேர் கருகும்.

மலைக்குப் போன சேவல்கள்

மூன்று சேவல்களில் இரண்டை அந்த அம்மாள் கல்வராயன் மலையில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்கு அனுப்ப விரும்பினார். அங்கே சாமை அடிக்கும் களத்திலும் மரவள்ளிக் கொல்லையிலும் கோழிகள் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, இருட்டியதும் கூடைக்குள் அடைகின்றன. பஞ்சாரம், கொடாப்பு என்று அந்தக் கூடைக்கு ஊருக்கு ஒரு பெயர். வீட்டுக்கு வீடு இடைவெளி உண்டு, யாரும் யார் மேலும் புகார் கொடுப்பதில்லை. அங்கே பகை கீரியும் காட்டுப்பூனையும்தான் என்று நினைப்போம். உண்மையில் பெரிய பகை, ஊரிலிருந்து ஏறிப் போகும் நோய்.

சந்தையில் வாங்கிய ஒரு கோழி வெள்ளைக்கழிச்சலோடு மலைக்குப் போனால் அந்தச் சிற்றூரில் ஒரு கூடையும் மிஞ்சாது. கால்நடை மருந்தகத்துக்கு இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே சேவல்களுக்கு முதலில் தடுப்பூசி போடச் சொன்னேன். இரண்டு வாரம் தனியே வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பின்பே அனுப்பினோம். மலையிலிருந்து இங்கே கோழி கொண்டுவந்தாலும் இதே இரண்டு வாரம்தான்.

இன்னொரு கடமையும் உண்டு. கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டம், 2009 கோழி வளர்ப்போரையும் கட்டுப்படுத்தும். பறவைக் காய்ச்சல் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தால் கிராம அலுவலருக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் பொறுப்பு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் அந்த நோய் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, பண்ணைக் கோழியோடு வீட்டுக் கோழிகளும் அழிக்கப்பட்டன. அப்படி அழிக்க நேர்ந்தால் அரசு இழப்பீடு தருகிறது. பயந்து அவசரமாக விற்றுவிட்டால் இழப்பீடும் இல்லை, நோயும் ஊரெங்கும் பரவும். திடீரெனப் பல கோழிகள் செத்தால் வெறும் கையால் தொடாதீர்கள், ஓடையில் எறியாதீர்கள். மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

அந்த அம்மாளிடம் இப்போது 14 கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. மீதியை ஆடி மாதத்தில் விற்றுவிட்டார். வருமானம் குறைந்தது உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. அலுவலகத்துக்கு எழுதிய பதிலில் கூண்டை மாற்றியதையும், சேவலைக் குறைத்ததையும், வாரம் இரு முறை கூளம் வாருவதையும் குறிப்பிட்டோம். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு கடிதம் வரவில்லை. வாத்தியார் இன்னும் முட்டை வாங்குவதில்லை. ஆனால் அவர் வீட்டு மல்லிகைக்கு அந்த அம்மாள் ஒரு கூடை மட்கிய எரு கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

கோழிக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி முகாம் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறையால் நடத்தப்படுகிறது. குஞ்சுகளுக்கு ஏழாம் நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. முகாம் நாளன்று கோழிகளைக் காலையில் திறந்துவிடாமல் கூண்டிலேயே வைத்திருங்கள், பிடிப்பது எளிது.